ஒரு நாழி பயறும் நாற்பது புறாவும்

என் தொழிலைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். கட்டிடங்களில் புறா அண்டாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து, பட்டம் வாங்கி, பன்னிரண்டு வருஷம் ஆபீஸில் ஃபைல் புரட்டிய ஒருத்தி, ஏணியும் டிரில்லுமாகத் திருவனந்தபுரத்து மாடிகளில் ஏறி இறங்குகிறாள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். தெருவில் எனக்கு ‘புறா மாமி’ என்று பேர் வைத்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டேன். கேலி செய்தவர்களில் மூன்று பேர் பிற்பாடு அந்தக் கார்டைக் கேட்டு வாங்கிப் போனது தனிக் கதை.

ஆரம்பம் ஆபீஸில்தான். எங்கள் ஜன்னல்களுக்கு மேலே புறாக்கள் குடும்பம் குடும்பமாக இருந்தன. விரட்ட வந்த ஒருவர் பிளாஸ்டிக் ஆந்தை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஆந்தையின் தலைமேல் ஒரு புறா சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அடுத்து வந்தவர் பழைய சி.டி.க்களை நூலில் கட்டித் தொங்கவிட்டார். புறாக்கள் இரண்டு நாள் யோசித்தன, பிறகு பழகிவிட்டன. அரைகுறை வேலையைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். லீவு போட்டுவிட்டு, எர்ணாகுளத்தில் வலை கட்டும் குழு ஒன்றோடு இரண்டு வாரம் அலைந்து வேலையைக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து ஆபீஸ் ஜன்னல்களை நானே அடைத்தேன். அதற்கப்புறம் ஃபைல் புரட்டப் பிடிக்கவில்லை.

வலை கட்டுவது என்றால் கொசுவலை கட்டுகிற மாதிரி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் எச்சத்தை எடுக்க வேண்டும். காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டினால் தூசி கிளம்பி மூக்குக்குள் போகும், ஆகவே தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, வழித்து எடுத்துப் பையில் கட்டிவிட வேண்டும். பிறகு கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை நான் வலையைத் தொடமாட்டேன். எத்தனை பெரிய ஆள் அவசரப்படுத்தினாலும் சரி. அப்புறம் சுவரைச் சுற்றிக் கொக்கி அடித்து, கம்பி இழுத்து முறுக்கி, அந்தக் கம்பியில் வலையை விரற்கடைக்கு ஒரு வளையமாகப் பூட்ட வேண்டும். தொங்கும் வலையில் புறா சிக்கிக்கொள்ளும். என் வலையைத் தட்டினால் தம்புரா மாதிரி அதிரும். விளிம்புகளில் புறா உட்கார முடியாதபடி சரிவாகத் தகடு பொருத்துவேன். ஐந்து மழைக்காலம் கண்ட என் வலைகள் இந்த ஊரில் இருக்கின்றன. பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொல்ல வேண்டிய பெருமைதான்.

இப்படி நான் தலை நிமிர்ந்து திரிந்த நாளில்தான் ஆரியசாலையிலிருந்து ஒரு அண்ணாச்சி கூப்பிட்டார்.

அரிசி, பருப்பு, பயறு மொத்த வியாபாரம். கீழே கடையும் கிடங்கும், மாடியில் வீடு. நாஞ்சில் நாட்டுக்காரர்கள், அவர் அப்பா காலத்தில் இங்கே வந்தவர்கள். அறுபதை நெருங்குகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் மனைவிக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்த அக்காவுக்கு எட்டு மாதமாக விடாத இருமல். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்காமல் முடிக்க முடியாது. ஏதேதோ மருந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். படங்களைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் புறா உண்டா என்பதுதான். எச்சத்தின் தூசு நுரையீரலுக்குள் போய்ப் புண்ணாக்கியிருக்கிறது. மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், ஒன்று புறா போக வேண்டும் அல்லது இந்த அம்மா வீட்டை விட்டுப் போக வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்காவைக் கொச்சியில் மகளின் ஃபிளாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பிறந்தது இரண்டு தெரு தள்ளி, கட்டிக்கொண்டு வந்தது இந்தத் தெரு. பத்தொன்பதாவது மாடியில் உட்கார்ந்து யாரோடு பேசுவது என்று கேட்டார். அதைக் கேட்கவே அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

“அக்கா எங்கேயும் போக வேண்டாம். புறா போகும், நான் பொறுப்பு” என்றேன். எனக்கு அப்படிப் பேசித்தான் பழக்கம்.

பழைய வீடு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மர உத்திரம். முற்றத்து உத்திரங்களில் வருஷக்கணக்கான எச்சம். அக்காவை ஐந்து நாளைக்கு அவர் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினோம். என்னோடு எப்போதும் வருகிறவர் போனக்காட்டுக்காரர், நாற்பது வயது. தேயிலைச் சரிவில் நடந்து பழகிய கால், எவ்வளவு உயரத்திலும் தரையில் நிற்கிற மாதிரி நிற்பார். முற்றம் முழுவதும் வலை, உத்திரத்துக்கெல்லாம் தகடு, பின்பக்கத்து மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கூட வலை. ஒரு கை விரல் நுழைய இடம் வைக்கவில்லை. அக்கா திரும்பி வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, வானம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். நான் வழக்கம்போல அண்ணாச்சியிடம் வலையைத் தட்டிக் காட்டிவிட்டு வந்தேன்.

மூன்றே வாரத்தில் மகள் போன் செய்தாள். பயங்கர மரியாதையாகப் பேசினாள், அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. முற்றத்தில் புறா இல்லை, ஆனால் மொட்டைமாடியிலும் அம்மாவின் அறை ஜன்னலிலும் முன்னைவிட அதிகம், இருமல் குறையவில்லை, அடுத்த வாரம் வந்து அம்மாவை அழைத்துப் போகப் போகிறேன் என்றாள்.

என் வேலையைக் குறை சொன்னால் எனக்குத் தாங்காது. அன்றைக்கே போய் ஒரு கண் விடாமல் வலை முழுவதையும் சோதித்தேன். எங்கேயும் கிழிசல் இல்லை, தளர்வு இல்லை. பிரச்சினை என்னவென்று புரியாமல் நான் வலையையே முறைத்துக்கொண்டிருந்தேன். போனக்காட்டுக்காரர் மொட்டைமாடித் தரையில் குந்தி உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“வலைக்கு ஒரு குழப்பமும் இல்ல மாமி. இதுகள் கூட்டுக்கு வரல்ல கேட்டோ, தீற்றைக்கு வருது” என்றார். தீற்றை என்றால் அவர் பேச்சில் தீனி. அவர் உள்ளங்கையில் நாலு பச்சைப்பயறு இருந்தது.

மொத்தக் கடைத் தெருவில் தானியம் சிந்தாமல் இருக்குமா என்று முதலில் நினைத்தேன். ஆனால் சிந்துகிற தானியம் கீழே வாசலில் கிடக்கும், மாடியில் என்ன வேலை? மறுநாள் காலை ஆறரைக்கு எதிர்வரிசை டீக்கடையில் போய் நின்றேன். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஷட்டரை உயர்த்துவதற்கு முன்னால் கடைக்காரர்கள் ஒரு கைப்பிடி தானியத்தை வாசலில் விசிறுவார்கள். முதல் வியாபாரம் வாயில்லாத ஜீவனுக்கு என்று கணக்கு. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து அது என் கண்ணிலேயே படாமல் போயிருந்தது. அண்ணாச்சி ஷட்டர் பக்கம் வரவில்லை. மாடியில் சிறகுகள் அடிக்கிற சத்தம் கேட்டது. நான் படியேறிப் போனேன்.

ஏறும்போதே அவரைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிவிட்டேன். நல்ல காரமாகத்தான் அடுக்கினேன். மேலே மொட்டைமாடிக்குப் போனால், அண்ணாச்சி குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, ஈரத் துண்டோடு நிற்கிறார். கையில் தானியம் அளக்கிற பித்தளை நாழி. நாழி நிறையப் பச்சைப்பயறு. அதை மொட்டைமாடியைப் பார்த்த அக்காவின் ஜன்னலுக்கு நேர் கீழே தூவிவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பினார். நாற்பது புறா இருக்கும். ஒவ்வொரு தடவை அவை எழுந்து உட்காரும்போதும் தூசு கிளம்பி ஜன்னல் பக்கம் போனது. அடுக்கி வைத்திருந்த காரத்தையெல்லாம் அந்தப் படியிலேயே விட்டுவிட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. அக்கா படுத்த நாளிலிருந்து நேர்ந்துகொண்டு செய்வதாகச் சொன்னார். அதற்கு முன்னால் வாசலில் ஒரு கைதான், இப்போது ஒரு நாழி. குணமாகும்வரை ஒருநாளும் விடுவதில்லை. ஜன்னல் வழியாக அவள் பார்க்கட்டும் என்றுதான் இங்கே போடுகிறார். புறாவைக் கூட்டில் தங்கவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகத்தான் அவர் புரிந்துகொண்டிருந்தார். வந்து தின்றுவிட்டுப் போகிற புறா என்ன செய்யும்?

மாதக்கணக்காக அந்த மனிதர் தன் மனைவி பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவள் நோய்க்குத் தீனி போட்டிருக்கிறார். அதை நான்தான் சொல்ல வேண்டும். இதைவிட உயரமான கட்டிடத்தில் ஏறச் சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன்.

“அண்ணாச்சி, நீங்க போடற பயறுதான் அக்காவோட மூச்சை அடைக்கறது” என்றேன்.

அவர் நாழியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “நேந்தாச்சே மாமி. பாதியில விட்டா அவளுக்கு ஏதும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு” என்றார்.

டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அது அவர் பயத்துக்கு மருந்தாகாது. எந்தக் குழுவும் எனக்குச் சொல்லித்தராத இடம் அது. ஆனால் நான் அக்ரஹாரத்துக்காரி. வேண்டுதலை உடனே செய்ய முடியாவிட்டால் என்ன செய்வது என்பது எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும்.

“விட வேண்டாம் அண்ணாச்சி, தள்ளி வைக்கலாம். மஞ்சத் துணியில ஒரு ரூபாயை முடிஞ்சு சுவாமிகிட்ட வச்சுடுங்கோ. அக்கா சொஸ்தமானப்பறம் அதே பயறைச் சுண்டலாப் பண்ணிக் கோவில்ல குடுத்துடலாம். சுவாமிக்கு எல்லாம் புரியும்.”

அவர் எழுந்து போய் மஞ்சள் கரைத்தார். ரூபாயை வைத்துத் துணியை அவர் மடித்துப் பிடித்தார், முடிச்சை நான் இறுக்கினேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் என் பேச்சுக்கு நடந்ததல்ல. அண்ணாச்சியே தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார். வாசலில் தானியம் விசிற வேண்டாம், மூட்டை இறக்கியதும் பெருக்கிவிடுங்கள் என்று கேட்டார். அப்படிக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். என் வீட்டுக்காரிக்காக என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னாராம். ஒருவர்கூட மறுக்கவில்லை. நானும் போனக்காட்டுக்காரரும் மொட்டைமாடியைக் கழுவி, அக்காவின் ஜன்னல் விளிம்புக்கும் கைப்பிடிச் சுவருக்கும் தகடு பொருத்தினோம். புறாக்கள் பத்து நாள் வந்து வந்து பார்த்தன. பதினோராம் நாள் நாலு வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. மகள் வந்தாள், மூன்று மாதம் முடியட்டும் என்று அக்கா அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் ஒவ்வொரு துவாரத்தையும் அளந்தவள், யார் தீனி போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மூன்று வார இருமல் என் கணக்கில்தான் சேரும். இப்போது எங்கே போனாலும் ஏணியை இறக்குவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அதுதான். பாதிப் பேர் இல்லை என்பார்கள். நான் பூஜை அறை இருக்கிற வீடா என்று பார்த்துவிட்டு இன்னொரு தடவை கேட்பேன்.

டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, வீடு மாற்ற வேண்டியதில்லை, மருந்தைத் தொடருங்கள் என்று சொன்னார். இன்னும் இரண்டு மாதம் போனதும் அண்ணாச்சி வலியசாலைக் கோவிலில் சுண்டல் என்று என்னை அழைத்தார். சீக்கிரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் படியில் கால் வைக்கும்போதே மேலே அக்காவின் குரல் கேட்டது.

பயறு ஊறப்போடவில்லை. கிடங்கு நிறையப் பயறு வைத்துக்கொண்டு, முப்பத்தைந்து வருஷம் பயறு விற்றவர், முந்தின நாளே ஊறப்போட வேண்டும் என்று தெரியாமல் நாழியோடு வந்து நிற்கிறார். அதற்குத்தான் அக்கா பிடித்துக்கொண்டார். பயறில் தொடங்கி, போன மாதம் மறந்த பால், கல்யாணத்தன்று தொலைத்த குடை, அவர் தம்பியின் பேச்சு என்று போய்க்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை. நடுவில் மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. பேசிக்கொண்டே அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நாலு தடவை நடந்தார்.

பச்சைப்பயறுதானே, வெந்நீர் ஊற்றி வைத்தால் ஊறிவிடும் என்று சமாதானம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். அவர் கண் நிறைந்திருந்தது.

“பேசாம இருங்க மாமி. இன்னும் கொஞ்சம் ஏசட்டும்.”