எங்கள் வீட்டு வாயாடி

என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது கடற்கரையில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கு ஓடுவதில்லை. கரையில் ஏற்றிப் போட்டு மராமத்து பார்ப்பார்கள். என் கணவர் அப்படியொரு தோணியில் வேலை பார்த்தார். அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோகும்போது பிள்ளையையும் நடத்திக் கூட்டிப் போனேன். இரண்டரை வயது இருக்கும் அவளுக்கு.

சோற்றுத் தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பிள்ளை அலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறாள். "ஏளா, நில்லு" என்று கத்தினேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். தோணிமேல் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மணலில் படுத்திருந்த நாய்கூட எழுந்தது. அவள் மட்டும் திரும்பவில்லை. ஓடிப்போய்த் தூக்கியதும் திடுக்கிட்டு, என் முகத்தைப் பார்த்த பிறகு சிரித்தாள். நான் பின்னால் வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

அதுவரை, பேச்சு வரத்தான் தாமதமாகிறது என்று நினைத்திருந்தோம். என் கணவரும் சின்ன வயதில் வெகுநாள் பேசாமல் இருந்தவர்தானாம். இப்போதும் அவர் அளந்துதான் பேசுவார்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் இல்ல. பிடிவாதக்காரி. வேணும்னே திரும்பமாட்டா" என்றவர், அடுக்களையிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தார். தரையில் உட்கார்ந்து சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தவளின் பின்னால் நின்று ஓங்கி அடித்தார். அவள் திரும்பினாள்.

"பாத்தியா? கேக்குதுல்லா."

வாசல் வெயிலில் அவருடைய நிழல் பிள்ளைக்கு முன்னால் விழுந்து கிடந்தது. கை அசைந்ததைத்தான் அவள் பார்த்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவரும் அதைக் கண்டுகொண்டார். சுவரோரமாகப் போய், நிழல் விழாத இடத்தில் நின்று இன்னொரு தடவை அடித்தார். என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளை சிப்பிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அவர் தாம்பாளத்தைச் சத்தமே வராமல் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். உள்நரம்பிலேயே கோளாறு, மருந்தில்லை என்றார். பாளையங்கோட்டையில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறது, ஐந்து வயதானதும் அங்கேயே தங்க வைத்துப் படிக்கவையுங்கள் என்றார். ஐந்து வயதுக்குள் மாதா கண்திறந்துவிடுவாள் என்று நான் நம்பினேன். திருவிழாவில் சப்பரம் வரும்போது பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். சப்பரத்தின் பூக்களைப் பார்த்துக் கை தட்டினாள். சுற்றிலும் அடித்த வெடிச்சத்தம் ஒன்றும் அவளைத் தொடவில்லை.

ஆனால் வீட்டுக்குள் நாங்கள் பேசாமல் இல்லை. கைப்பேச்சு ஒன்று தானாகவே உண்டானது. பெரும்பாலும் அவள்தான் உண்டாக்கினாள். என் தாடையில் ஒரு மச்சம் உண்டு. தன் தாடையைத் தொட்டால் அம்மா. உள்ளங்கையை ஆட்டி ஆட்டி நகர்த்தினால் தோணி, அதாவது அப்பா. ஐந்து விரல்களையும் மேல்நோக்கிக் குவித்தால், கூம்பு மாதிரி இருக்கும் மக்ரூன் இனிப்பு. அதைத்தான் அடிக்கடி கேட்பாள். கன்னத்தைக் கையில் சாய்த்தால் தூக்கம். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளும் அமைதியான பிள்ளை. தகப்பனைப் போலவே என்று நினைத்துக்கொள்வேன்.

ஐந்து வயதானது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க எனக்கு ஒரே ஒரு கவலைதான். உன்னை அங்கே விட்டுவிட்டு வருவோம், ஆனால் திரும்ப வந்து கூட்டிப்போவோம் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? எத்தனையோ இரவு தூங்கி எழுந்தால் வருவேன் என்று காட்ட நினைத்து, கன்னத்தைக் கையில் சாய்த்துச் சாய்த்து எழுந்தேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்து, தானும் என்னைப்போலவே சாய்ந்து எழுந்து சிரித்தாள். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

என் கணவர் பின்னாலேயே வந்தார். "அழாத. நான் போயிட்டுப் போயிட்டு வாரேன்லா. அது அவளுக்குத் தெரியும். அதையே சொல்லுவோம்" என்றார்.

அவளை மடியில் இருத்திக்கொண்டு, உள்ளங்கையைத் தோணிபோல ஆட்டி ஆட்டித் தூரமாகக் கொண்டுபோனார். அங்கேயே கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அதே மாதிரி ஆட்டித் திருப்பிக் கொண்டுவந்து என் தாடையைத் தொட்டார். அடுத்து அவள் நெஞ்சில் விரலை வைத்து, மறுபடியும் அந்தத் தோணியை ஓட்டிக் காட்டினார். அவள் யோசித்தாள். தன் நெஞ்சைத் தொட்டாள். தன் சின்னக் கையைத் தூரமாகக் கொண்டுபோனாள். வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தாள். அப்புறம் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து என் மச்சத்தைத் தொட்டாள்.

புரிந்துவிட்டது. ஆனாலும் பள்ளிக்கூட வாசலில் அவள் என் சேலையைப் பிடித்த பிடியை ஒரு டீச்சர்தான் வந்து விலக்க வேண்டியிருந்தது. திரும்பும் பஸ்ஸில், தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டை தாண்டும்வரை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதல் சில மாதங்கள் வந்து பார்க்காதீர்கள், அப்போதுதான் பிள்ளை ஒட்டும் என்று சொல்லியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத்தான் கூட்டிவரப் போனேன். வழியெல்லாம் பயம். இளைத்திருப்பாளோ, மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாளோ, என்னை மறந்திருப்பாளோ?

மைதானத்து மரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் என் மகள். கைகள் இரண்டும் பறக்கின்றன. கண்ணை உருட்டுகிறாள், கன்னத்தை உப்புகிறாள், யாரோ தடுக்கி விழுந்ததுபோல நடித்துக் காட்டுகிறாள். சுற்றி நின்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருத்தி குறுக்கே ஏதோ சொல்லக் கையை உயர்த்தினாள். என் மகள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, தன் கதையைத் தொடர்ந்தாள்.

என் மகள் வாயாடி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் பேசாத பிள்ளை இல்லை. வீட்டில் பேச அவளுக்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது. சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சு வலிக்கவும் செய்தது. கூப்பிடாமல், அவள் முடிக்கும்வரை தூரத்திலேயே நின்றேன்.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஓயாத பேச்சு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைத் தலையை ஆட்டினேன். அவள் சட்டென்று நிறுத்தி, என்னை உற்றுப் பார்த்தாள். சும்மா ஆட்டுகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். என் கையை எடுத்து மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஜன்னலுக்கு வெளியே போன மாட்டைக் காட்டினாள். பிறகு ஒரு மரத்தை. நான் தப்பாகச் செய்தால் பொறுமையில்லாமல் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எதிர் இருக்கைக்காரர்கள் எங்களையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார், "என்ன சொல்லுதா?"

"பாதி தெரியல்ல. பேசிக்கிட்டே வாரா."

அவருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த விடுமுறையில் எங்கள் இருவருக்கும் அவள்தான் டீச்சர். அவர் கயிறு பிடித்துக் காய்த்த விரல்கள் சீக்கிரம் மடங்காது. அவள் விடவும் மாட்டாள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், சோற்றைப் பிசைந்த கையோடு பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பருக்கைகள் தரையெல்லாம் சிதறின. மீன்குழம்பு ஆறிப்போயிற்று.

"ஏளா, அவளைச் சாப்பிடச் சொல்லு" என்றார் என்னிடம்.

"ஏன், நீங்களே சொல்லுங்க."

அவர் தட்டைக் காட்டி, சாப்பிடு என்று கை செய்தார். அவள் அவரைப் பார்த்தாள். உள்ளங்கையை நிமிர்த்தி, பொறு, இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அவர் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, கதை கேட்க வாகாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.