பாதுகாப்பான இடத்தை எங்கே எழுதுவது

வரைபடத் தொழிலில் மலையையும் ஓடையையும் வரைவது சுலபம். அவற்றின் பெயரை வைக்க இடம் தேடுவதில்தான் நாள் கழிகிறது. கணினித் திரையில் ஒரு சொல்லை இங்கும் அங்கும் நகர்த்திக் கண் பூத்துப்போன, இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மண் சரியும் அபாயம் வந்தால் தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லயத்தார் எங்கே போய்த் தங்குவது என்று காட்டும் வரைபடம் ஒன்றை, புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கேட்டார்கள். கேகாலையிலுள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் அது என் பொறுப்பாயிற்று.

பத்துக் காம்பரா

அந்தத் தோட்டத்தில் லயங்களுக்கு அறைகளின் எண்ணிக்கையே பெயர்: பத்துக் காம்பரா, இருபது காம்பரா. செங்குத்தான சரிவில் நெருங்கி நிற்பவை. இரண்டு பெயர்கள் மோதினால் மென்பொருள் ஒன்றை மறைத்துவிடும்; யாரிடமும் கேட்காது. மலை சரிந்தால் முதலில் அகப்படும் பத்துக் காம்பராவின் பெயரையே அது மறைத்திருந்தது. நான் கவனிக்கவில்லை. மாதிரிப் பிரதியைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் விரித்தபோது, அந்த லயத்தில் குடியிருக்கும் பாக்கியம் விரலால் தேடிவிட்டு நிமிர்ந்தார்.

“எங்க லயத்தக் காணோமே மிஸ். அப்ப மழ வந்தா நாங்க ஓட வேணாமா?”

கேள்விக்குறிகள்

பாடசாலை, கோயில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் உண்டு. சின்னங்கள் தனிக் கோப்புகளாக ஒரு கோப்புறையில் இருக்கும். வரைபடம் அவற்றை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். என்னுடன் வேலை செய்யும் சிங்களவரான சமிந்த, நல்ல மனத்தோடு, ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றி வேறிடத்தில் ஒழுங்காக வைத்தார். திங்களன்று அச்சிட்டால், சின்னம் கிடைக்காமல் ஒவ்வொரு கட்டடத்தின் மேலும் ஒரு கேள்விக்குறி. இப்போதெல்லாம் சின்னங்களை வரைபடக் கோப்பினுள்ளேயே பதித்துவிடுகிறேன். கோப்பு பருத்தாலும் நிம்மதி. அன்று சமிந்த தாளைத் தூக்கிப் பார்த்து, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

“அக்கே, எங்க போறதுன்னு ஆளுங்க மேப் கிட்ட கேட்டா, மேப் ஆளுங்க கிட்ட கேக்குது.”

வெள்ளை இடம்

தங்க வேண்டிய இடம் பாடசாலை. ஆனால் அதன் மேல் தோட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில் படர்ந்திருந்தது. ஆகவே ‘பாதுகாப்பான இடம்’ என்ற சொற்களை ஓடைப் பக்கம் வெறுமையாயிருந்த பகுதிக்கு நகர்த்தி, அங்கிருந்து பாடசாலைக்கு ஒரு மெல்லிய சாம்பல் கோடு இழுத்தேன். திரையில் அழகாயிருந்தது. தோட்டத்தில் அதைக் கறுப்பு வெள்ளையில் போட்டோ கொப்பி எடுத்து லயத்துக்கு லயம் கொடுத்தார்கள். கோடு கொப்பியில் விழவில்லை.

தப்பிச் செல்லும் ஒத்திகை நடந்த நாளில் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துக் காம்பராவின் பத்துக் குடும்பங்களும், கைக்குழந்தைகளோடு, வரிசையாக ஓடையை நோக்கி இறங்கின. மலை சரிந்தால் சேறு முழுவதும் வந்து சேரும் பள்ளம் அது. நான் இறங்கி ஓடி மறித்தேன். பாக்கியம் கொப்பியை நீட்டினார்.

“எழுத்து இங்கதானே இருக்கு மிஸ். எழுத்து இருக்குற எடத்துக்குத்தானே வாறோம்.”

பெரிய எழுத்து

தோட்டத்தின் பெயரை ஓரத்துக்கு மாற்றினால், பாதுகாப்பான இடத்தைப் பாடசாலையின் மேலேயே எழுதலாம். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளை இசையவில்லை. நடுவில் பெயர் இல்லாவிட்டால் இது எந்தத் தோட்டமென்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எனக்கு முன் பாக்கியமே பதில் சொல்லிவிட்டார். பெயர் ஓரத்துக்குப் போனது அவருடைய வார்த்தையால்தான். அடுத்த ஒத்திகையில் எல்லோரும் பாடசாலைக்கே நடந்தார்கள். கணக்குப்பிள்ளையிடம் அவர் சொன்னது இதுதான்:

“இங்கயே பொறந்து இங்கயே கொழுந்து எடுக்குறோம் ஐயா. எந்தத் தோட்டம்னு எங்களுக்குத் தெரியாதா?”

மழை

இறுதிப் பிரதியை நனையாத பிளாஸ்டிக் தாளில் பெரிதாக அச்சிட்டு லயத்துச் சுவரில் மாட்டினோம். அந்த மாரியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை போய்ப் பார்த்தேன். பத்துக் காம்பராவின் பின்சுவர் வரை மண் வந்து நின்றிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. சுவரில் வரைபடமும் இல்லை. பாடசாலைக்கு ஏறினேன். பத்துக் குடும்பங்களும் அங்கே இருந்தன. வகுப்பறை மூலையில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. தலைகளை இரண்டு முறை எண்ணிய பிறகே வரைபடம் எங்கே என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

“இஸ்கூல் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல மிஸ், புள்ளைங்க மேல சாரல் அடிச்சுது. கழட்டிட்டு வந்து கட்டிட்டோம். வழிதான் நடந்து நடந்து பழகிருச்சே.”

நான் செய்த வரைபடங்களுள், தன் வேலையை முடித்துவிட்டு இன்னொரு வேலைக்கும் போனது அது ஒன்றுதான்.