படுத்துக்கினு போற சீட்

என் ஓரகத்தி நல்லவள். அவளிடம் எனக்கு இருக்கிற ஒரே கஷ்டம் அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லியாவது ஆறியிருப்பேன்.

அவள் என் கணவருடைய தம்பி மனைவி. சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் திருப்பதியில் இருந்துகொண்டு தினமும் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறவள், பர்ச்சேஸ் பிரிவில் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பவர் மாமனார் ஒருவர்தான். மாமியார் போன பிறகும் பிச்சாட்டூரை விட்டு அசையாமல், நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறார். யார் வீட்டுக்கு வந்தாலும் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் காலையில் பையைத் தூக்கிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கழனியில் நிற்கும்போது தலைக்கு மேல் விமானம் போனால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு அது ஏரியைத் தாண்டி மறைகிற வரை பார்ப்பார். "உள்ள குந்திக்கினு பாத்தா நம்ம ஏரி எம்மாத்தம் தெரியும்?" என்று கேட்பார். ஒரு பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, எல்லோர் காதிலும் விழும்படி நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

"மாமா, நான் கூட்டிக்கினு போறேன். சும்மா இல்ல, படுத்துக்கினு போற சீட்ல. சிங்கப்பூருக்கு."

ஓரகத்தி வாயைப் பிளந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

என் தைரியத்துக்குக் காரணம் கிரெடிட் கார்டில் செலவு செய்யச் செய்யச் சேரும் பாயிண்ட். பஸ்ஸில் போகவர மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் இதைப் பற்றித்தான். வீடியோ போடுகிற பையன் ஒருவன் அடித்துச் சொல்வான்: பாயிண்டைக் கொடுத்து மிக்சி வாங்குகிறவன் முட்டாள், ஒரு பாயிண்டுக்குக் கால் ரூபாய்கூடத் தேறாது, அதை விமானக் கம்பெனி தருகிற ‘மைல்’ என்ற பாயிண்டாக மாற்றி, வெளிநாட்டுக்கு பிசினஸ் கிளாஸ் எடுத்தால் அதே பாயிண்ட் ஒரு ரூபாய்க்கு மேல் போகும். எனக்கு அது வேத வாக்கு. எங்கள் பிரிவில் ஒருத்தி பாயிண்டில் மிக்சி வாங்கியபோது அவளை ஒரு வாரம் கேலி செய்தேன்.

அதிலிருந்து யாருடைய பில்லும் என் கார்டைத் தாண்டிப் போகக்கூடாது என்றாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ், கூட வேலை செய்கிறவர்களின் ஃபோன், அவர்கள் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் என் கார்டில். அவர்கள் எனக்கு ஃபோனில் பணம் அனுப்பிவிட வேண்டும். புத்தூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குத் திருப்பதியில் பட்டு எடுக்கப் போனோம். பெண்ணின் அப்பா பர்ஸைத் தேடுவதற்குள் நான் கவுண்டருக்கு ஓடிவிட்டேன். "பெரிய மருமவளுக்கு இன்னா மனசு!" என்று ஒரு அத்தை கண் கலங்கினார். என் கணவர் சும்மா இருக்க மாட்டாமல், "அத்த, காசு நாளைக்கு வாங்கிடுவா" என்றார். கலங்கிய கண் உடனே காய்ந்தது.

இப்படி மூன்று வருஷம் சேர்த்தேன். மாமனார் போகும்போதும் வரும்போதும், "இன்னாம்மா, ஃப்ளைட்டு எப்போ?" என்பார். "இன்னும் கொஞ்சம், மாமா. இப்போ எடுத்தா வேஸ்ட்" என்பேன். இரண்டு முறை சீட் கிடைத்தும் விட்டேன். ஆஃபர் வரும், அப்போது இன்னும் நல்ல மதிப்புக்குப் போகும் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான்.

ஒருநாள் மதியம் கேண்டீனில் சாப்பிடும்போது ஓரகத்தி ஃபோன் செய்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரில ஒருத்தர் வந்து ஒரு கார்டு குடுத்தாரே, அதுல ஏதோ பாயிண்ட் இருக்குதாம். இன்னா பண்றது? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அத்த வெச்சிக்கினு இன்னாமா பண்ணுவ? ரேணிகுண்டா ஏர்போர்ட்லருந்து ஐதராபாத்துக்கு ரெண்டு டிக்கெட் வரும். அதுவும் போறதுக்கு மட்டும். அவ்ளோதான்."

"அப்பிடியா அக்கா? எப்பிடிப் போடறது?"

எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தேன். ஐதராபாத்தில் அவள் தங்கை இருக்கிறாள், புருஷனோடு போவாள் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே செய்து முடித்தேன்.

பத்து நாள் கழித்துக் குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. மாமனார், வெள்ளை வேட்டி சட்டையில், இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு விமான ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. வயிறு பற்றி எரிந்தது. ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அதை வருத்தம், ஏமாற்றம் என்றெல்லாம் என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். அது சுத்தமான பொறாமை. ஒரு மணி நேரப் பயணம், கால் நீட்ட இடமில்லாத சீட், வரும்போது ரயில். அதில் போய் அந்த முகம் கிடைக்குமா?

அதன் பிறகு பிச்சாட்டூருக்கு எப்போது போனாலும் அந்தக் கதைதான். உரக்கடைக்காரர், பால் ஊற்றுகிறவர், தெலுங்கு பேசும் கிராம அதிகாரி வி.ஆர்.ஓ. என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவரவர் பாஷையில் சொன்னார். "ஏறுனதும் ஒரு பக்கமா சாஞ்சிது பாரு, நம்ம ஏரி தாம்பாளம் மாரி தெரிஞ்சிது. சின்ன மருமவதான் ஜன்னல் பக்கம் குந்த வெச்சிது."

மூன்றாவது முறை கேட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, அந்த ஃப்ளைட் வடக்கால போவுது. நம்ம ஏரி தெக்க கீது. அது வேற ஏதாவது ஏரியா இருக்கும்."

"என் ஏரி எனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து வி.ஆர்.ஓ.வுக்குத் தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரவு வீட்டுக்கு வந்ததும் மேப்பைத் திறந்து திசையைச் சரிபார்த்தேன்.

அந்த மாதமே கார்டு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அடுத்த மாதம் முதல் பாயிண்டை மைலாக மாற்றினால் இப்போது கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் கிடைக்குமாம். இனி பொறுப்பதற்கில்லை. இருந்ததையெல்லாம் அன்றைக்கே மாற்றினேன். மூன்று பேருக்குக் கணக்குப் போட்டிருந்தேன். கடைசி நேரத்தில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இரண்டு படுக்கை சீட்தான் கிடைத்தது. என் கணவருக்குக் காசு கொடுத்துப் பின்னால் ஒரு சாதாரண சீட் எடுத்தேன். வரும்போது மூன்று பேருக்கும் அதே சாதாரண சீட், அதுவும் காசு கொடுத்துத்தான். மதிப்பு, மண்ணாங்கட்டி எல்லாம் அங்கேயே போயிற்று. எனக்கு அந்த முகம் வேண்டும். அது எனக்காக வர வேண்டும்.

காலை விமானம். நடுச்சாமத்திலேயே பிச்சாட்டூரிலிருந்து கிளம்பினோம். பரபரப்பில் மாமனார் கண்ணை மூடவே இல்லை. விமானத்தில் ஏறியதும் வெந்நீரில் நனைத்த துண்டு கொடுத்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜூஸ் குடித்தார். ஜன்னல் அவருக்குத்தான் கொடுத்தேன். மேலே ஏறியதும் கீழே கடல். "ஒரே தண்ணியா கீது" என்றார். சாப்பாடு வந்தது, பாதி சாப்பிட்டார். நான் ஆசையோடு பட்டனை அழுத்தி அவர் சீட்டைப் படுக்கையாக்கினேன், போர்வையைப் போர்த்தினேன். போட்டோ எடுக்க ஃபோனை எடுப்பதற்குள் குறட்டை கேட்டது. சிங்கப்பூரில் இறங்கும்போதுதான் எழுப்பினேன். தூங்குகிற மனிதரின் நாலு போட்டோ என் ஃபோனில் இருக்கிறது. எதையும் குரூப்பில் போடவில்லை.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை பிச்சாட்டூரில் எல்லோரும் கூடினோம். நான் சிங்கப்பூர் சாக்லேட்டைத் தட்டில் வைத்து வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உரக்கடைக்காரர் ஒன்றைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "இன்னா பெருசு, ஃப்ளைட்டெல்லாம் எப்பிடி இருந்துச்சி?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஃப்ளைட்டா? ரேணிகுண்டால ஏறினோம் பாரு..."

தட்டோடு அப்படியே நின்றேன். என் முகத்தைப் பார்த்த ஓரகத்திதான் பதறினாள். "மாமா, அது பழைய கதை. அக்கா கூட்டிக்கினு போனாங்களே, படுத்துக்கினு போற சீட்டு, அத்த சொல்லுங்க."

"அதுல இன்னா சொல்றது? நல்லா தூக்கம் வந்துச்சி" என்றார். பிறகு எனக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, "மெத்துனு இருந்துச்சிம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உடனே உரக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சாஞ்சிது பாரு, நம்ம ஏரி..."

நான் சமையற்கட்டுக்குள் போய்விட்டேன். பின்னாலேயே ஓரகத்தி வந்தாள். பாத்திரத்தை எடுத்து வைத்தாள், என் தோளைத் தொட்டாள். "மாமா அப்பிடித்தான் அக்கா, மனசுல வெச்சிக்காத" என்றாள். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. தட்டிவிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கேட்டாள்.

"அக்கா, என் கார்டுல மறுபடியும் கொஞ்சம் பாயிண்ட் சேந்துக்கீது. போன தடவ மாதிரியே நீயே சொல்லு. இன்னா பண்ணட்டும்?"

வெளியே மாமனார் இன்னும் ஏரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிக்சி வாங்கிக்கோமா" என்றேன். "அதுதான் நல்ல வேல்யூ."