சின்னத்துரை காருக்குச் சன்னாசி மாட்டிய கண்ணாடி

தங்கையை ஜெயிலில் விட்டுவிட்டு ஓடிப்போனவன் என்று சன்னாசியைச் சொல்கிறவர்கள் அன்றைக்கு லுக்குட் சாலையில் நின்றவர்களாக இருக்கமாட்டார்கள். நின்றிருந்தால் அப்படி ஒரு பேச்சு வாயில் வராது. இன்னொன்றும் சொல்கிறார்கள்: அந்தத் தங்கை மயிலம்மாளை உள்ளே தள்ளிய வெள்ளைக்கார உதவி மேனேஜர் சின்னத்துரைக்கே போய்க் கார்க் கண்ணாடி மாட்டிக் கொடுத்தானாம், மானங்கெட்டவனாம். மாட்டிக் கொடுத்தான், யார் இல்லை என்றது? எப்படி மாட்டினான், எதற்கு மாட்டினான் என்று கேட்டீர்களா? எதிர் வீட்டு ராக்கம்மா ஒருபடி மேலே போய், கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைத்ததே சன்னாசிதான் என்று கிளப்பிவிட்டாள். அதுவும் பொய். அதை உடைத்தது துரையின் சொந்தக் கை.

சன்னாசி எஸ்டேட் பட்டறையில் பிட்டர். ரப்பர்ப் பாலைத் தகடாக்குகிற மெஷின், லாரி, கரண்ட் எடுக்கிற எஞ்சின், எது படுத்தாலும் அவன்தான் எழுப்ப வேண்டும். கோபம் வந்தால் கத்தமாட்டான். ஒரு ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டு துடைப்பான். அது பளபளவென்று ஆன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தால், ஆளுக்கு உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம். அவனுக்கு இருந்த ஒரே உறவு தங்கை மயிலம்மாள். புருஷனை இழந்தவள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டு மூன்றாம் வருஷம் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு கேட். அங்கே ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். அதனால் அரிசியோ சோறோ ஒரு பருக்கைகூட வேலியைத் தாண்டக் கூடாது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு, மத்தியானம் உள்ளே வந்துதான் கஞ்சி.

உயிரோடு இருக்கிறவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். செத்தவர்கள்? அண்ணன் தங்கையின் அம்மா வள்ளியம்மாவைப் புதைத்த இடம் வேலிக்கு வெளியே பதினாலாம் நம்பர் ரப்பர்க் காட்டில் இருந்தது. அம்மா போய் வருஷம் திரும்பியது. அன்றைக்கு வீட்டு அடுப்பில் பொங்கிய சோற்றில் ஒரு பிடியாவது தலைமாட்டில் வைத்தாக வேண்டும். சன்னாசி பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"நான் வெட்டுற மர நிரைக்குப் பக்கத்துலதானே இருக்கு, நானே வச்சிட்டு வந்துர்றேண்ணே" என்றாள் மயிலம்மாள்.

முந்தானையில் ஒரு பிடி சோறு முடிந்துகொண்டு போனாள். சட்டம் அவளுக்குத் தெரியாது என்றில்லை. அம்மாவுக்குப் போகிற படையலைச் சாப்பாடு என்று யாராவது நினைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை. அதுதான் அவர்கள் செய்த தப்பு.

கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்கிறவள் சூசையம்மாள். முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அவளும் ஒரு பிள்ளையை அதே காட்டில் புதைத்திருந்தாள். "போ" என்று முதுகில் தட்டினாள். கெட்ட நேரம், கேட் ஓரமாகச் சின்னத்துரையின் கார் நின்றது. இரண்டே பேர் உட்காருகிற பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். வெயிலென்றால் கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடுவான். மழைக்கும் பனிக்கும் கான்வாஸ் கூரையை இழுத்து மாட்டிக் கதவுக் கண்ணாடியைச் சுற்றி ஏற்றிக்கொள்வான். அன்று பனி. கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி, பிரம்பை வெளியே நீட்டினான். துரைமார் தமிழ்ப் பரீட்சை எழுதித்தானே வேலைக்கு வருகிறார்கள், பேச்சு வந்தது.

"ஏய் பொம்பளை. சேலையில என்ன?"

"படையல் துரை. எங்கம்மாவுக்கு. செத்துப்போனவங்க."

"செத்தவன் சோறு சாப்பிடமாட்டான். காட்டுல இருக்கிறவன் சாப்பிடுவான்."

"துரை, சத்தியமா..."

"காரணம் வேணாம். அரிசி யார்கிட்ட இருக்கு, அவன் குத்தவாளி. உதறு."

அத்தனை பேர் பார்க்க முந்தானையை உதறினாள். போலீஸ் வண்டி வருகிறவரை இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்கச் சொன்னான். ஒரு மணி நேரம். கை தளர்ந்து இறங்கும்போதெல்லாம் உள்ளே உட்கார்ந்தபடியே மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினான். டக், டக். மறுபடி தூக்குவாள். சேதி கேட்டுச் சன்னாசி பட்டறையிலிருந்து ஓடிவந்தான். காவலுக்கு நின்றவன் துப்பாக்கியை நெஞ்சில் வைத்து நிறுத்திவிட்டான். நின்ற இடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது அவனுக்கு. டக், டக்.

ஆறு மாசம் போட்டார்கள்.

பார்க்கப் போனபோது மயிலம்மாள் அழவில்லை. "சோத்தைக் கொட்டினதுகூடப் பரவால்லண்ணே. கை இறங்க இறங்க நாய்க்குத் தட்டுற மாதிரி தட்டினான். அதுதான் கண்ணுல நிக்குது. அவன்கிட்டப் போய் எனக்காகக் கெஞ்சாதே. கெஞ்சினேன்னு தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்றாள். சன்னாசி தலையை ஆட்டிவிட்டு வந்து ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். பதினாறாம் நம்பர் ஸ்பேனர். இரண்டு மாசம் துடைத்தான்.

கண்ணாடி உடைந்த கதை இதுதான். ஆபீஸ் வாசலில் யார் மேலோ எரிந்து விழுந்துவிட்டு வந்த சின்னத்துரை, கண்ணாடியைப் பாதி ஏற்றி வைத்தபடியே கார்க் கதவை அறைந்து சாத்தினான். கூரை மடக்குகிற காரில் அந்தக் கண்ணாடிக்கு மேலே பிடிப்பு கிடையாது. பாதியில் நின்றால் ஆடும். அறைந்தால் போச்சு. ஆபீஸ் கணக்கு எழுதுகிற எட்வர்ட் கிராணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். யார் போய்க் கேட்டாலும் அவர் சொல்வார்.

கார் பட்டறைக்கு வந்தது. "ஞாயித்துக்கிழமை கிளப் போகணும். அதுக்கு முன்னால முடி" என்றான் துரை. யாருடைய அண்ணன் என்று தெரிந்துதான் சொன்னான். அந்தத் திமிர்தான் அவனைக் கவிழ்த்தது.

லாரி ஓட்டுகிற முனியாண்டி அன்று சாயங்காலம் வந்து காதைக் கடித்தான்.

"டேய், பிரேக் பைப்பை லேசா அறுத்துவிடு. லுக்குட் வளைவுல போய்ச் சேரட்டும்."

"செத்துட்டா அவனுக்கு என்னடா தெரியும்?" என்றான் சன்னாசி. "சாகக் கூடாது. நிக்கணும். கையைத் தூக்கிக்கிட்டு நிக்கணும்."

"நிக்க வைக்க நீ யாரு, கவர்னரா?"

"நான் பிட்டர். போடா."

வேலையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதில் சன்னாசி விட்டுக்கொடுக்கமாட்டான். மறுபக்கத்துக் கதவின் கண்ணாடியை வைத்து அட்டையில் அளவு வெட்டி, ரஹாங் டவுனில் கண்ணாடி வெட்டுகிற சீனரிடம் முனியாண்டி கையில் கொடுத்தனுப்பினான். கண்ணாடி வந்தது. கைப்பிடிகளைக் கழற்றி, கதவின் உள்பக்கத்துத் தோல் பலகையைப் பிரித்து எடுத்தான். உள்ளே கிடந்த சில்லுகளைப் பூராவும் பொறுக்கினான். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிய நாலு ஓட்டை உண்டு. மண்ணும் இலையும் அடைத்துக் கிடந்ததைக் குத்தி எடுத்து, அரத்தால் கொஞ்சம் அகலமாக்கினான். கண்ணாடி ஏறி இறங்குகிற காடிக்குப் புதுக் கம்பளி ஒட்டினான். அடித்தகட்டில் ரப்பர் பட்டை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கண்ணாடியை உட்கார வைத்தான். கான்வாஸ் கூரையோடு ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

சனிக்கிழமை துரை வந்து, தோல் பலகை மாட்டும் முன்பே கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி இறங்கியது, ஏறியது.

"குட். உனக்குக் கை நல்லாயிருக்கு."

"தோலை மட்டும் அடிக்கணும் துரை. கம்பளிப் பசை காயலை. நாளைக்கு அவசியம் இருந்தாலொழியக் கண்ணாடியை இறக்காதீங்க."

துரை போனான். அதற்குப் பிறகுதான் சன்னாசி தன் பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பையை எடுத்தான். மாவுச் சாக்குத் துணியில் தைத்தது. உள்ளே அவனுடைய ஒரு வாரப் பங்கு அரிசி. அடிப்பக்கத்தை மட்டும் ஒற்றை நூலால், விரல் பட்டால் பிரிகிற மாதிரி ஓட்டுத் தையல் போட்டிருந்தான். அதைக் கதவுக்குள், ஓட்டைகளுக்கு நேராக, கண்ணாடி கடைசியாக வந்து உட்காருகிற இடத்தில் வைத்தான். கண்ணாடி பாதி இறங்கினால் ஒன்றுமில்லை. முழுக்க இறங்கினால் நசுக்கும். பிறகு தோலை அடித்து, கைப்பிடிகளை மாட்டி, காரைத் துடைத்தும் வைத்தான். அந்த வாரம் முழுக்க அவித்த மரவள்ளிக் கிழங்குதான் தின்றான். கேட்டவர்களிடம் வயிற்று வலி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை லுக்குட்டுக்குச் சாமான் வாங்கப் போகிற எஸ்டேட் லாரியில் சன்னாசியும் ஏறினான். டவுனுக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. லாரியில் வந்தவர்கள் எல்லாரும் இறங்கி ஓரமாக வரிசையில் நிற்க, பையையும் கூடையையும் கொட்டிக் கிளறினார்கள். அப்போது காலைப் பனிக்குக் கூரையை மாட்டியபடியே பச்சைக் கார் வந்தது. வரிசையில் நிற்கிற வழக்கம் துரைக்கு ஏது? நேரே தடுப்புவரை போய் நின்றான். எஸ்டேட் கேட்டில் அவனைப் பார்த்ததும் கட்டையைத் தூக்கிவிடுவார்கள். இங்கே கண்ணாடியை இறக்கி முகத்தைக் காட்டியாக வேண்டும். இறக்கினான். கடைசிச் சுற்றில் கொஞ்சம் இறுக்கம். அழுத்திச் சுற்றினான்.

அரிசி கொட்டியது.

நாலு ஓட்டையிலும் நாலு கோடாக, செம்மண் ரோட்டில் வெள்ளை வெளேரென்று. பக்கத்தில் நின்ற மலாய்க் கார்ப்பொரல் குனிந்து பார்த்தார். "துவான்! பெராஸ்! பெராஸ்!" என்று கத்தினார். ஐயா, அரிசி, அரிசி என்று மலாயில் கத்தியது வரிசையின் கடைசிவரை கேட்டது.

அன்று அங்கே நின்ற வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதிது. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவருக்குக் கிளப்பும் தெரியாது, துரையும் தெரியாது, சட்டம் மட்டும் தெரியும். இறங்கு என்றார். துரை இறங்கி இங்கிலீஷில் பொரிந்தான். தெரியாது, தெரியாது என்று அவன் சொன்னது இங்கிலீஷ் அறியாதவர்களுக்கும் புரிந்தது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியில் கை வைத்தார். துரையின் இரண்டு கையும் மேலே போயின.

கதவின் தோலைப் பிரித்தார்கள். பையை எடுத்தார்கள். அடுத்த கதவையும் பிரித்தார்கள், சீட்டைத் தூக்கினார்கள். வெயில் ஏறியது. துரையின் கழுத்து இறால் மாதிரிச் சிவந்தது. கை மெல்ல இறங்கியது.

டக், டக்.

சன்னாசி லாரியின் முன்கண்ணாடியை அந்தப் பதினாறாம் நம்பர் ஸ்பேனரால் தட்டினான். துரை திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்து வெளுத்தது. கையைத் தூக்கினான். மறுபடி இறங்கியபோது மறுபடி டக், டக். மூன்றாவது தடவை, அதே லாரியில் வந்திருந்த சூசையம்மாள் தன் கோழிக் கூடைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "கையை இறக்காதீங்க துரை! செத்தவன் சோறு திங்கமாட்டான்னு சொன்னீங்களே, இது யாருக்கு?" வரிசை பூராவும் சிரித்தது. சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணிக்கொண்டிருந்தான்.

மேனேஜர் பெரியதுரை வந்து சாயங்காலம் மீட்டுக்கொண்டு போனார் என்பது உண்மை. வெள்ளைக்காரனுக்கு ஆறு மாசமா போடுவார்கள்? ஆனால் கிளப்பில் அவனுக்கு அரிசிக்கார துரை என்று பேர் விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை சின்னத்துரை சன்னாசியை ஆபீசுக்குக் கூப்பிட்டான். எட்வர்ட் கிராணி மட்டும் உடன் இருந்தார்.

"நீதானே?"

"நான்தான்."

துரை அடிப்பான் என்று கிராணி நினைத்தாராம். அடிக்கவில்லை. பிடித்துக் கொடுக்கவும் அவனால் முடியாது. கோர்ட்டில் அந்தக் கதையை மறுபடி முதலிலிருந்து ஓதுவார்கள். மேசைமேல் இருந்த கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, தணிந்த குரலில் பேசினான்.

"போலீஸ்கிட்டச் சொல்லு. உன் அரிசி, வேலை செய்யும்போது மறந்து உள்ள வச்சிட்டே. நான் உன் தங்கச்சிக்காக ஜெயிலுக்குக் கடுதாசி எழுதுவேன். அடுத்த வாரம் வெளிய வருவா."

இதுதான் சன்னாசியைப் போட்டு அறுத்த இடம். அடுத்த வாரம். அவள் இன்னும் நாலு மாசம் உள்ளே இருக்க வேண்டும். கதவோரமாக நின்று தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"கடுதாசியில என்ன எழுதுவீங்க துரை?"

"அவ தப்பு செஞ்சா. மன்னிப்பு கேட்டா. அப்படி."

"அவ எப்பக் கேட்டா?"

"கேட்டான்னு நீ கைநாட்டு வை."

"நேத்து உங்க கார்ல இருந்த அரிசிக்கு நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா?"

"அது நான் வைக்கல!"

"காரணம் வேணாம் துரை. அரிசி யார்கிட்ட இருக்கு, அவன் குத்தவாளி."

எட்வர்ட் கிராணி லெட்ஜரில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அன்றைக்கே பேரை வெட்டினார்கள். இருபத்துநாலு மணி நேரத்தில் வீட்டைக் காலி பண்ண நோட்டீஸ்.

மயிலம்மாள் நாலு மாசம் அதிகமாக இருந்தது அண்ணனுடைய பிடிவாதத்தால் என்றால், சரி, இருக்கட்டும். அவள் மன்னிப்புக் கேட்டதாக எழுதி வெளியே கொண்டுவந்திருந்தால் அவள் அவனைச் செருப்பால் அடித்திருப்பாள். ஜெயிலில் அவள் சொன்னது இவன் காதில் இருந்தது, உங்கள் காதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை சாமான் பெட்டியைத் தோளில் வைத்தான். தங்கையின் சேலைகளையும் சட்டி பானைகளையும் முனியாண்டி வீட்டில் போட்டுவிட்டான். புக்கிட் பெலண்டோக்கில் மரலாரிப் பட்டறை ஒன்றில் வேலை சொல்லியிருந்தது. அந்த இடத்தை முனியாண்டியிடமும் சூசையம்மாளிடமும் சொன்னான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லையே, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். எதிர் வீட்டு ராக்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"துரை கால்ல விழுந்திருந்தா வேலையும் இருக்கும், தங்கச்சியும் வந்திருப்பா. என்னத்தடா சாதிச்சே?"

"ஒரு மணி நேரம் அக்கா" என்றான் சன்னாசி. "அவளை நிக்க வச்ச அதே ஒரு மணி நேரம்."

குனிந்து நிலையில் தலை இடிக்காமல் வெளியே வந்தான். கதவை இழுத்துச் சாத்திவிட்டு நடந்தான்.