செம்புப் பாய்லரின் எடை

போன மாதம் எங்கள் வீட்டு கீசர் நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் அதைச் சுவரிலிருந்து கழற்றி, அடிமூடியைத் திறந்து பக்கெட்டில் கவிழ்த்தார். வெள்ளைச் சில்லுகள் கொட்டின. பக்கெட் பாதி நிரம்பியது.

“போர்த் தண்ணி சார். உப்பு கட்டி ஹீட்டர் காயில் போயிடுச்சு” என்றார்.

அவர் கேட்ட தொகையைப் பேசாமல் கொடுத்தேன். இன்னொரு ஆளையும் விசாரித்திருக்கலாம் என்று என் மனைவிக்கு வருத்தம். அவள் சொன்னது நியாயம்தான். இரண்டு பேரிடம் விலை கேட்பதும், கழற்றிய பழைய சாமானை வாங்கிப் பார்ப்பதும் வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியவையே. ஆனால் வெந்நீர்ச் சாமானைப் பழுது பார்க்கிறவரோடு பேரம் பேசும் தகுதி எனக்கு இல்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்பா உப்பு இலாகாவில் எடை பார்க்கும் வேலையில் இருந்தார். ஊர் ஊராகத் தனியே போய் வந்தவர், அதிராம்பட்டினத்துக்கு மாற்றலானபோது எங்களையும் வலங்கைமானிலிருந்து அழைத்துக்கொண்டார். அம்மா தன் கல்யாணச் சீரில் வந்த செம்புப் பாய்லரையும் கூடவே கொண்டுவந்தாள். பெரிய தவலை போலிருக்கும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். குழாய்க்குள் கொட்டாங்கச்சியும் கரியும் எரியும். அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். வலங்கைமானில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆற்று ஊற்று. இளநீர் மாதிரி இருக்கும். இங்கே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அது பாய்லரை என்ன செய்யும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

வந்து மூன்றாம் வருஷம், எனக்குப் பத்து வயது நடக்கும்போது, பாய்லர் அடியில் ஒழுகத் தொடங்கியது. கார்த்திகை முடிந்து பனி தொடங்கும் நேரம். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒருவர் துருத்தியும் ஈயக்கட்டியுமாக வந்திருந்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார், ஓட்டை அடைப்பார். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளில் பாய்லர் உண்டு. எங்கள் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். “இந்தத் தெரு கிடைச்சுதுன்னா பொங்கல் வரைக்கும் எனக்குப் போதும்மா” என்று அம்மாவிடம் சொன்னார்.

பாத்திரம் ஒட்டுகிறவர்கள் நல்ல செம்பை வெட்டிக்கொண்டு மெல்லிய தகட்டை வைத்துவிடுவார்கள் என்று அப்பா எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதனால் பாய்லரையும், ஒட்டப்போகும் தகட்டையும், ஈயத்தையும் பக்கத்து வீட்டு பாயின் கடைத் தராசில் நிறுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டார். என்னை முற்றத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்.

“பக்கத்துலயே இரு. என்ன எடுக்கறான், என்ன போடறான்னு பாரு. தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

அந்த மனிதருக்கு இது பழகியிருக்க வேண்டும். “காவலா தம்பி? நல்லாப் பாத்துக்க. உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடப் போறேன்” என்று சிரித்தார். துருத்தியை மிதித்துக்கொண்டே கதை பேசினார். பாய்லரின் அடிவளையத்தைக் கழற்ற அதன் பழைய ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தபோது தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். வலையில் ஆவுளியா மாட்டியிருக்கிறதாம். கடல்பசுவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மனுஷர் மாதிரி அழும், குட்டியை மார்போடு அணைத்துக்கொள்ளும் என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வோம். நான் பார்த்ததில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “போய்ப் பாத்துட்டு வா தம்பி. நான் எங்க ஓடப் போறேன்? வந்து எனக்கும் சொல்லு. நான் கடலையே இந்த ஊருக்கு வந்துதான் பாத்தேன்.”

ஓடினேன். போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பியபோது அவர் அடிவளையத்தை மறுபடி பொருத்தி ஈயம் வார்த்துக்கொண்டிருந்தார். ஆவுளியா எவ்வளவு நீளம், தோல் எருமை மாதிரியா, கண்ணில் தண்ணீர் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் மூச்சு வாங்கச் சொன்னேன். அழுததா என்பது எனக்குத் தெரியவில்லை. அழுதது என்றே சொன்னேன். “பாவம்” என்றார்.

சாயங்காலம் அப்பா வந்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கவிழ்த்துக் காயவைத்து, பாயின் தராசில் ஏற்றினார்கள். தாளில் இருந்த கணக்குக்கு அரை வீசைக்கு மேல் குறைந்தது. இன்றைய எடையில் முக்கால் கிலோ.

“உப்புங்க ஐயா. உள்ள அடை அடையாக் கட்டியிருந்துச்சு. தட்டி எடுத்தேன். பிள்ளைங்க காலக் கிழிக்குமேன்னு பின்னால வாய்க்கால்ல கொட்டிட்டேன்.”

“உப்பா? எனக்கே உப்பைப் பத்திச் சொல்றியா? தினம் நான் நிறுக்கறது அதைத்தான்.”

தராசைப் பிடித்திருந்த பாய், “நம்மூர்த் தண்ணி கட்டத்தான் செய்யும் சார். அப்படியும் இருக்கும்” என்றார்.

அப்பா நியாயமானவர். யாரையும் விசாரிக்காமல் தண்டிக்க மாட்டார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பிரம்பை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு என்னை விசாரித்தார்.

“பக்கத்துலயே இருந்தியா?”

“இருந்தேம்ப்பா.”

“எழுந்து எங்கேயும் போகலையே?”

“போகலப்பா.”

“உள்ளேருந்து உப்பு ஏதாவது விழுந்துச்சா?”

முற்றத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விழுந்தது என்றால், எவ்வளவு, எப்படி இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். நான்தான் பார்க்கவே இல்லையே.

“இல்லப்பா. ஒண்ணும் விழல.”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் மடியைப் பார்த்தார். ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டார். “தம்பி சின்னப் பிள்ளை. அதைப் போயிக் கேக்கறீங்களே ஐயா” என்று மட்டும் சொன்னார்.

“சின்னப் பிள்ளைக்குத்தான் பொய் சொல்ல வராது” என்றார் அப்பா. பாய் தராசைக் கழற்றத் தொடங்கினார்.

கூலிக்கும் செம்புக்கும் சரியாகப் போயிற்று என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அந்த மனிதர் ஈயக்கட்டியை மூட்டைக்குள் போட்டார். துருத்தியை மடக்கிக் கட்டினார். பாய்லருக்குள் தண்ணீர் இல்லாமல் நெருப்புப் போட வேண்டாம், ஈயம் விட்டுப்போகும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மறுநாள் தெருவில் ஒரு வீட்டிலும் அவரைக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் பஸ் நிற்கும் இடத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்ததைப் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். எதிர்ப்பக்கமாக நடந்தேன். அதன்பிறகு அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

ஈயப் பற்று கெட்டியாகவே இருந்தது. இரண்டு வருஷம் கழித்து வெந்நீர் வருவது நின்றபோதுதான் வேறொருவர் வந்து பாய்லரைப் பிரித்தார். அப்பா அன்று வீட்டில் இருந்தார். ஒரு முறம் நிறைய வெள்ளை அடை விழுந்தது. அப்பா ஒரு சில்லை எடுத்து விரலால் தேய்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். எதையும் நிறுக்கும் மனிதர் அதை நிறுக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, “அப்ப நீ பக்கத்துலயேதானே இருந்தே?” என்று கேட்டார். பிரம்பு கையில் இல்லை. குரலில் கோபமும் இல்லை.

“ஆமாம்ப்பா” என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா கும்பகோணம் போய் அந்த மனிதரைத் தேடியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர். பத்து வயதில் சொன்ன பொய்க்குப் பயம் என்று காரணம் சொல்லலாம். பன்னிரண்டு வயதில் சொன்னதற்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. அப்பா போய் முப்பது வருஷம் ஆகிறது. செம்பு திருட்டுப் போனது என்றுதான் கடைசிவரை நம்பினாரா, நம்புவதுபோல் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

பாய்லரை நிறுத்த அன்று சாயங்காலம் என் மனம் போன போக்கையும் சொல்லிவிட வேண்டும். நான் முற்றத்தில் இல்லை என்பது ஈயம் பூச வந்தவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் கூலியும் கிடைக்கும், தெருவும் கிடைக்கும். அந்த வார்த்தை எப்போது வரப்போகிறது என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். நெஞ்சு லேசானது. ஆவுளியாவைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்டவர், நான் அதைப் பார்க்கப் போனதை அதற்குள் எப்படி மறந்தார் என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.