பத்து நிமிடம் மூத்தவன்

நானும் என் அண்ணனும் இரட்டையர். அவன் எனக்குப் பத்து நிமிடம் மூத்தவன். பதினொரு வயதுவரை இருவரும் ஒரே உயரம். முதலியார்பேட்டையிலிருந்து டவுனில் இருந்த பள்ளிக்கு ஒரே சைக்கிளில் போவோம். போகும்போது அவன் மிதிப்பான், வரும்போது நான்.

ஏழாம் வகுப்பில் அம்மா என் யூனிஃபார்ம் பாவாடையின் மடிப்பை இரண்டு முறை பிரித்துவிட்டாள். அந்த ஆண்டு முடிவதற்குள் வயதுக்கும் வந்துவிட்டேன். அண்ணனின் கால்சட்டை மட்டும் இரண்டு வருடமாக அதே கால்சட்டையாக இருந்தது. எட்டாம் வகுப்பில் நான் மிதித்தால் சைக்கிள் சுலபமாகப் போனது, அவன் மிதித்தால் திணறியது. ஒருநாள் அவன் பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டான். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

மாதா கோயிலில், ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் சடங்கு எங்களுக்கு நடந்த அன்று போட்டோ எடுத்தவர், "தம்பி முன்னாடி வா, அக்கா பின்னாடி நில்லு" என்றார். நான் திருத்த வாயெடுத்தேன். அண்ணன் அதற்குள் முன்னால் போய் நின்றுவிட்டான். அந்தப் படத்தில் நான் முழங்காலை லேசாக மடித்து நிற்பது பாவாடைக்குள் தெரியாது. அப்படி நிற்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஹீல்ஸ் செருப்பு கேட்டபோது மட்டும் அம்மா, அவன் பக்கத்தில் நடக்க வேண்டாமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பிரான்சில் இருந்த பெரியப்பா அடுத்த டிசம்பரில் வந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி ஜெர்கின் வாங்கி வந்திருந்தார். அங்கே பிள்ளைகளின் துணிக்கு அளவு வயதுக் கணக்கில்தான். கழுத்துப்பட்டியில் பதினான்கு வயது என்று பிரெஞ்சில் அச்சிட்டிருந்தது. எனக்குத் தோள் பிடித்தது. அவனுக்குக் கைவிரல்கள் வெளியே தெரியவில்லை. பெரியப்பா சிரித்துவிட்டு, அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் சரியாகத்தானே இருக்கிறது என்றார். அண்ணன் அதைக் கழற்றி, நன்றாக மடித்து, பெட்டியில் வைத்தான். அன்றிலிருந்து மாடிப்படிக் கம்பியில் காலையும் மாலையும் தொங்கத் தொடங்கினான். உள்ளங்கை காய்த்துப்போனது. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தான்.

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் அப்பா அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். டாக்டர் அவன் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பையனுக்கு வயசு பதினாலரை. எலும்புக்குப் பன்னெண்டுதான் ஆகுது. பயப்பட ஒண்ணுமில்ல, லேட்டா வளருவான்" என்றார். பிறகு அப்பாவிடம், அவர் எந்த வயதில் வளர்ந்தார் என்று டாக்டர் கேட்டார். பத்தாவது முடிக்கும்வரை வரிசையில் தன்னைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்று அப்பா சொன்னார். வீட்டில் அதுவரை அவர் அதைச் சொன்னதே இல்லை. டானிக் ஏதாவது எழுதச் சொல்லி அம்மா கேட்டாள். டாக்டர் எழுதவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார். எப்போது வயதுக்கு வந்தேன் என்று அம்மாவிடம் விசாரித்தார். "பொண்ணு இனிமே பெருசா வளராது. ஒரு இஞ்ச் வந்தா அதிகம்."

ஆட்டோவில் திரும்பும்போது அண்ணன் கவரிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் வெளியே பார்த்தேன். இரண்டு வருடமாக என் உயரத்தை ஒரு குற்றம்போல் சுமந்திருந்தேன். இப்போது அது முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்குள் ஒரு வேலை தொடங்கி, நடந்து, தீர்ந்தும் போயிருக்கிறது. அதில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு சமயத்தில் அவன் குரல் உடைந்தது. பிளஸ் ஒன் முடிவதற்குள் என் தலை அவன் காதுக்குக் கீழே போய்விட்டது. தட்டில் சோறு போதாமல் சட்டியோடு உட்கார்ந்தான், பகலில் தூங்கினான், நிலைப்படியில் இடித்துக்கொண்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் உயரத்தோடு வீட்டில் வேறு சிலவும் அவனுக்குச் சேர்ந்து வந்தன. நான் டியூஷன் போனால் துணைக்கு அவன். வரத் தாமதமானால் கேட்பவனும் அவன்.

ஒரு மாலை பீச் ரோட்டில் வகுப்புத் தோழர்களோடு நின்றிருந்தேன். என் பக்கத்தில் ஒரு பையன் நின்றான். அண்ணன் சைக்கிளை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் என்னை வீட்டுக்கு வரச் சொன்னான். வீட்டில் சண்டை வந்தது.

"நான் உன் அண்ணன். கேக்கக் கூடாதா?"

"ரெண்டு வருஷமா எங்கூட நடக்கவே வெக்கப்பட்டியே. அப்ப அண்ணன் இல்லியா நீ?"

அவன் முகம் பழைய முகமாகிவிட்டது. மாடிக்குப் போனான். ஆம்பளப் புள்ள கேட்டால் சொல்லிவிட்டுப் போவதுதானே என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். அதன்பின் அவன் என்னை எதுவும் கேட்டதில்லை. பேசவும் இல்லை. சோறு, சாவி, சார்ஜர் என்று தேவைக்கு மட்டும் வார்த்தைகள் புழங்கின. பள்ளி முடியும்வரை அப்படியே போனது.

கல்லூரிக்கு அவன் காரைக்காலுக்குப் போய் ஹாஸ்டலில் தங்கினான். மாதம் ஒருமுறை வருவான். இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை, மீன் வாங்க அம்மா எங்கள் இருவரையும் வைத்திக்குப்பத்துக்கு அனுப்பினாள். சங்கரா வாங்கினோம். மீன்காரம்மா செதில் சீவிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு படகின் நிழலில் நின்றோம்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். "அப்ப தெனமும் கோயிலுக்குப் போவேன் இல்ல? நான் வளரணும்னு மட்டும் வேண்டல. நீ வளரக் கூடாதுன்னும் வேண்டியிருக்கேன்."

அவன் கடலைப் பார்த்துச் சொன்னான்.

"தெரிஞ்சிருந்தா நானும் அதையேதான் வேண்டியிருப்பேன்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். மீன்காரம்மா, தலையை வைக்கவா, எடுத்துவிடவா என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் வேறுவேறு பதில் சொன்னோம். அவர் தலையை வைத்தே கொடுத்தார்.