காப்பாருக்குப் போகச் சொன்ன கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவன் என் காலில் விழுந்தான்.

எதற்கு? நான் அவன் உயிரைக் காப்பாற்றினேனாம்!

வேறு யாருமில்லை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் என் பக்கத்து வீட்டில் இருந்த சின்னையாதான். ஜப்பான்காரனுக்குப் பயந்து கடலோரம் இருக்கிற காப்பாரில் மச்சான் வீட்டுக்கு ஓடியவன், இப்போது சண்டை ஓய்ந்ததும் பெண்டாட்டி பாக்கியத்தோடு வந்திருந்தான். கையில் ஒரு கட்டுக் கருவாடு, கக்கத்தில் ஒரு கோழி. லயன் வீட்டு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி முழங்கினான்.

"அண்ணே அன்னிக்குக் கார்டு பார்த்துச் சொல்லலேன்னா, சயாம் காட்டுல செத்து மண்ணாயிருப்பேன் லா!"

அக்கம்பக்கத்தவர்கள் என்னைக் கும்பிடாத குறை. நான் என்ன செய்தேன்? கோழியை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கார்டு விஷயத்தை உங்களிடமாவது சொல்லித் தொலைக்கிறேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சிங்கப்பூருக்கு ஓடியபோது, அவர்கள் பங்களாவில் புகுந்து ஆளாளுக்குக் கட்டில், நாற்காலி, தையல் மிஷின் என்று தூக்கினார்கள். நான் கிளார்க் அல்லவா? கௌரவமாகக் கடைசியில் போனேன். மிஞ்சியது ஒரு சீட்டுக்கட்டு. ரம்மி ஆடலாமே என்று வீட்டுக்கு வந்து பிரித்தால்... வாள், கோப்பை, தலைகீழாகத் தொங்குகிற மனுஷன்! கூடவே சின்னதாக ஓர் இங்கிலீஷ் புத்தகம். டாரோட் என்று பெயராம், ஜோசியம் பார்க்கிற கார்டாம்.

எங்கள் லயனில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். அது போதாதா? ஊரில் இருந்த ஒரே கிளி ஜோசியக்காரரும் பிழைப்பில்லாமல் எஸ்டேட் பக்கம் போய்விட்டார். துரை ஊர்க் கார்டு தப்பாது என்று பேச்சுக் கிளம்பியது. நானும் மறுக்கவில்லை. நாலு பேர் மதித்து வாசலில் நின்றால் கசக்குமா என்ன?

அப்படித்தான் ஒரு நாள் பாக்கியம் வந்தாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான், லோரி வரப்போகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணே, காப்பார்ல எங்க அண்ணன் வரச் சொல்றாரு. நான் போயிடலாங்குறேன். இவரு வேலையை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு முழிக்கிறாரு. உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. நீங்க எது சொன்னாலும் சரியாம்."

இரண்டு கார்டு எடுக்கச் சொன்னேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

முதல் கார்டில் விளைந்த கதிர்களுக்கு நடுவே ஒரு ராணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தில் பார்த்தேன் — வளர்ச்சி, விளைச்சல். இரண்டாவதில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்ட ஒரு பெண், மார்புக்குக் குறுக்கே இரண்டு வாள், முதுகுக்குப் பின்னால் கடல். முடிவெடுக்க முடியாத தவிப்பு என்று போட்டிருந்தது. கண்கட்டை அவிழ்த்துவிட்டு உள்ளதைப் பார், பார்த்து ஒரு வழியைத் தேர்ந்தெடு என்றும் போட்டிருந்தது. தெளிவான இங்கிலீஷ். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஆனால் என் மனசு வேறு கணக்குப் போட்டது. பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மரவள்ளி போட்டிருந்தோம். பொது என்பது பேச்சுக்குத்தான். மண்வெட்டி பிடித்தது சின்னையா, தண்ணீர் ஊற்றியது பாக்கியம். அரிசி கண்ணில் படாத காலத்தில் அந்தக் கிழங்கை நம்பித்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. இவர்கள் போய்விட்டால் யார் கொத்துவது? நானா?

"முதல் கார்டு உங்க மரவள்ளிம்மா. நட்டது நல்லா விளையும். ரெண்டாவது, கண்ணைக் கட்டிக்கிட்டு அசையாம உட்காருன்னு சொல்லுது. கிழங்கு பிடுங்குற வரைக்கும் பொறுத்திருங்க."

குரல்கூட நடுங்கவில்லை. பாவி!

பாக்கியம் அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இவளுக்குப் பின்னால இருக்கறது கடல்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரிங்கண்ணே என்று போய்விட்டாள்.

மறுநாள் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. என் பேச்சை மதிக்கவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது, பாருங்கள்.

அந்த வாரமே லோரி வந்தது. என் கையில் ரயில்வே ஆபீஸ் ஆள் என்று ஜப்பான்காரன் கொடுத்த பட்டை இருந்ததால் என்னைத் தொடவில்லை. எங்கள் லயனில் இருந்து ஏற்றிக்கொண்டு போனவர்களில் சிலர் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் பெண்டாட்டிமார்கள் இப்போதும் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலில் இறங்குகிற முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சின்னையா வாசலில் என் புகழ் பாடிக்கொண்டிருக்க, பாக்கியம் அடுப்படிப் பக்கம் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, என்னை மன்னிச்சுக்கணும். நான் சொன்னா அவருக்கு ஏறாது. நீங்கதான் கார்டுல கடல் இருக்கு, காப்பாருக்கு உடனே போகச் சொல்லுதுன்னு சொன்னதாப் பொய் சொல்லிட்டேன். நீங்க எங்க நல்லதுக்குத்தான் பொறுக்கச் சொல்லியிருப்பீங்க..."

என்னிடம் மன்னிப்பு! நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் மனைவி கமலம் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மரவள்ளிக் கணக்கு அவளுக்குத் தெரியும்.

அதோடு விட்டதா? பின்பக்கம் போன சின்னையா, "என்னண்ணே, இப்படிப் புல்லு மண்டிப் போச்சு!" என்று மண்வெட்டியைத் தூக்கிவிட்டான். நாலு கொத்துக் கொத்திவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணே, கார்டு இன்னும் வச்சிருக்கீங்கல்ல? ரயில்வே பட்டறையில திரும்ப வேலைக்குக் கூப்பிடுறாங்க. இங்க வந்துடறதா, காப்பார்லயே இருந்துடறதா? ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்."

அதே கேள்வி. அதே மண்வெட்டி. கொத்திய மண் வேறு கறுப்பாக, பதமாகக் கிடந்தது. இங்கே வந்துவிடு என்ற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது என்றால் நம்புவீர்களா?

விழுங்கினேன்.

"கார்டு தொலைஞ்சு போச்சு சின்னையா. நீ பாக்கியத்தைக் கேளு. அது சொல்றபடி செய்."

"அண்ணே தமாஷ் பண்றீங்க!" என்று அவன் சிரித்தான். பாக்கியம் சிரிக்கவில்லை. "காப்பார்லயே இருப்போம்" என்றாள்.

கார்டு தொலையவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்லி அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது, அப்படியும் வாய் வரவில்லை. கோழிக் குழம்பு கொதித்தபோது, "ஜோசியருக்கு எத்தனை துண்டு?" என்று கமலம் கேட்டாள்.

சின்னையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். காப்பார் பக்கம் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள் யாராவது... அவனுக்கு இதை வாசித்துக் காட்டுங்களேன்.